இராவணன் கைவீணையும் தூர்த்தின் வில்லும்

நோர்வூட்டுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் நடைபெற்ற கண்காட்சியிலே மாணவர் வரைந்த படமொன்று என் கவனத்தை ஈர்த்தது. பத்துத் தலைகளும் இருபது கைகளும் உடைய இராவணன் வயலின் வாசிப்பதாக அப்படம் அமைந்திருந்தது. வயலின் பிறந்த நாடு இலங்கை என்றும், அதனைப் படைத்தவன் இராவணன் என்றும் அதன்கீழ் எழுதப்பட்டிருந்தது. படத்தின் முன்னிருந்த மேசையில், பாடசாலைக்கு எப்பொழுதோ அன்பளிப்பாக வந்த வயலின் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதன் நரம்புகள் நான்கும் இருந்தன. வில்லில் மயிர் இல்லை. வெறுங்கோலாகக் கிடந்த அவ்வில்லைக் கையிலெடுத்த மாணவியொருத்தி, "சேர், இராவணன் வாசிச்சதுக்கும் வில்லு இருந்திச்சா?" என்று வினவினாள். அருகில் நின்ற ஆசிரியர் "இருந்திச்சு" என்றார். நான் ஒன்றுங் கூறவில்லை. அவ்வினா எளிதில் விடையிறுக்கத் தக்கதன்று என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குரிய விடையைத் தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

வயலினை இராவணன் படைத்தான் என்னுங் கூற்று புதியதன்று. கடந்த இரண்டு தசாப்தங்களில் அது பெற்றுள்ள செல்வாக்கே புதியது. எல்லவை அடுத்த இராவணா நீர்வீழ்ச்சியும் நுவரெலியாவை அடுத்த சீதாஎலியக் கோயிலும் உல்லாசப் பயணிகள் தவறாது காணும் இடங்களாகிவிட்டன. 2019இல் இலங்கை விண்வெளிக்கு அனுப்பிய சிறு செய்மதி 'இராவணா 1' எனப் பெயர்பெற்றது. சிங்கள இசைக் கலைஞர் தினேஷ் சுபசிங்க 'ராவணஹத்த' என்னும் கருவியை 2000களின் பிற்பகுதியில் மீண்டும் இசையரங்குக்குக் கொணர்ந்தார். இவ்வாறு இராவணனைத் தத்தம் மூதாதையாக உரிமை பாராட்டும் போட்டியிலே மலையகத் தமிழரும் பங்குகொள்ள விழைவதில் வியப்பில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்நிலையின் எச்சங்களோடு போராடிய ஒரு மக்கட் கூட்டம், 'இம்மலை எம் முன்னோன் ஆண்ட மலை' என்று கூறிக்கொள்வதில் ஓர் உளவியல் நியாயம் உண்டு. அதனை நான் ஏளனஞ் செய்யேன். ஆயின், உளவியல் நியாயத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்பொழுது, நாம் இழப்பது எது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் நமது மரபு கூறுவதை நோக்குவோம். தமிழ் இலக்கிய மரபில் இராவணன் இசைவல்லோன் என்பதில் ஐயமில்லை. அவனுடைய கொடி வீணைக்கொடி. கயிலையைப் பெயர்க்க முயன்று நெரியுண்ட பின், சாமகானம் பாடி இறைவன் அருளைப் பெற்றவன் அவன். திருஞானசம்பந்தர் பதிகங்களின் எட்டாம் பாடல் பெரும்பாலும் இந்நிகழ்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பதைச் சைவ இலக்கியம் பயில்வோர் நன்கறிவர். தன் தலையையும் கையையும் நரம்பையும் கொண்டே அவன் வீணை அமைத்தான் என்பது செவிவழிக் கதை. இவை அனைத்திலும் இராவணன் கையிலிருப்பது வீணையே. அவன் கையில் வில் இல்லாமலில்லை. ஆனால் அது போர்வில். வீணையின் நரம்பை வில்லால் உராய்ந்தான் என்று இம்மரபு கூறவில்லை.

பழந்தமிழ் இசைக்கருவிகளின் வரலாறும் இவ்வாறே அமைகிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட 'யாழ் நூல்' வகுத்துக்காட்டும் யாழ்கள் யாவும் விரலால் தெறித்து இசைக்கப்படுவன. பெரும்பாணாற்றுப்படையிலே ஆயன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து மரல்நார் கட்டிச் செய்துகொண்ட வில்யாழ் இடம்பெறுகிறது. அங்கே வில்லே கருவியாகிறது, நாணே நரம்பாகிறது. தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டிலும் வில் உண்டு. அது வீசுகோலால் அடித்து ஒலிக்கப்படுவது. மலையகத்துக்கு வந்தால், மாசி மாதக் காமன் கூத்திலே மன்மதன் ஏந்தும் கரும்பு வில்லும், அருச்சுனன் தபசிலே அருச்சுனன் ஏந்தும் வில்லுமே நாம் அறிந்தவை. அவற்றின் பக்கத்தே ஒலிப்பது தப்பு. வில்லைத் தெறித்தும் அடித்தும் இசை கண்ட ஒரு சமுதாயம், ஒரு வில்லை எடுத்து இன்னொரு நரம்பின்மீது இழுக்கும் எண்ணத்துக்கு வந்ததாகத் தமிழ் நூற்சான்று காட்டல் அரிது. தெறிப்பதற்கும் உராய்வதற்கும் இடையேயுள்ள தூரம் சிறிதன்று. தெறித்த நரம்பின் ஓசை பிறந்த கணமே தேயத் தொடங்குகிறது. உராயும் நரம்பின் ஓசையோ கை ஓயும்வரை நீள்கிறது. பிசின் பூசிய மயிர் நரம்பைப் பற்றி இழுத்து, பின் வழுவவிட்டு, மீண்டும் பற்றுகிறது. ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான தடவை இது நிகழ்கிறது. ஜேர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் இவ்வியக்கத்தை முதன்முதலாகத் தெளிவுற விளக்கினார்.

அவ்வாறாயின் 'இராவணன் கை' என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? இராவணஹத்தா இன்றும் வாழுங் கருவி. அது வாழுமிடம் இலங்கையன்று, இராஜஸ்தானும் குஜராத்தும். தேங்காய்ச் சிரட்டையின் வாயில் தோல் போர்த்து, மூங்கிற்கோல் செருகி, குதிரை மயிராலும் கம்பியாலும் நரம்பு கட்டி, சலங்கை கோத்த வில்லால் அதனை இசைப்பர். இராஜஸ்தானத்துப் போபா எனப்படும் பூசகப் பாடகர், நீண்ட ஓவியச் சீலையைக் கட்டித் தொங்கவிட்டு, பாபுஜி என்னும் வீரனின் கதையை இரவிரவாகப் பாடுவதற்கு இக்கருவியையே துணைக்கொள்வர். வில்லிற் கட்டிய சலங்கை தாளத்தைக் காப்பதால், நரம்பிசையும் தாளமும் ஒரே கையில் அடங்குகின்றன. அப்பாபுஜி கதையிலும் இலங்கை வருகிறது. அங்கே பாபுஜி கடல் கடந்து சென்று இராவணனை வென்று கவர்ந்து வருவன பெண் ஒட்டகங்கள்! ஒட்டகம் மேயும் இலங்கை எந்த இலங்கை என்பதை வாசகரே உய்த்துணர்வர். பாலைநில மக்கள் தம் கதைக்குள் படைத்துக்கொண்ட இலங்கை அது. அவர்தம் கருவிக்கு அவர் சூட்டிய பெயரைக் கொண்டு நமது மலைகளில் அக்கருவி பிறந்ததாகக் கூறுதல், அவ்வொட்டகங்களை நோர்வூட் தேயிலைக் காட்டில் தேடுவதற்கு ஒப்பாகும்.

உராய்ந்திசைக்கும் கருவிகளின் தோற்றம் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை. வெர்னர் பாக்மன் 1964இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வு, வில்லின் பிறப்பிடம் மத்திய ஆசியா என்றும், காலம் ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு என்றும் நிறுவ முயன்றது. அல் பாராபி (இறப்பு 950) போன்றோரின் அரபு எழுத்துக்கள் அதற்கு அரணாயின. குதிரை வளர்த்து வில்லேந்தித் திரிந்த மேய்ச்சல்நில மக்களிடையே குதிரை மயிர் பூட்டிய இசைவில் தோன்றியது என்பது கேட்ட மாத்திரத்தில் ஏற்கத்தக்கதாகவே உள்ளது. நமது தீவுக்கோ குதிரை கப்பலில் வந்த பண்டம். அநுராதபுரத்தை ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் குதிரை வணிகன் மக்களென்றே மகாவம்சம் அறிமுகஞ் செய்கிறது.

எனினும், பாக்மன் கொள்கையை முற்றமுடிந்த முடிவாகக் கொள்ளவும் தயங்குகிறேன். யூப் போர் என்னும் ஒல்லாந்து ஆய்வாளர் 1980களில் சாரங்கி பற்றி எழுதிய விரிவான ஆய்வில், இந்தியச் சான்றுகள் உரிய கவனத்தைப் பெறவில்லை என வாதிட்டார். இடைக்கால வடமொழி இசைநூல்களில் இராவணஹஸ்த வீணை என்னும் பெயர் வருவதும், 13ஆம் நூற்றாண்டுச் சங்கீத ரத்னாகரத்தில் சாரங்கதேவர் வில்லால் இசைக்கும் பினாகி வீணையை விவரிப்பதும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. மேலும், உராய்வதற்குக் குதிரை மயிர் இன்றியமையாததும் அன்று. சீனத்துப் பழங்கருவிகள் சில மூங்கிற் சிம்பால் உராயப்பட்டன. கேரளத்துப் புள்ளுவர் நாகர்ப் பாட்டுக்கு இசைக்கும் ஒற்றை நரம்பு வீணையும் வில்லால் இசைப்பதே. ஆகவே, துணைக்கண்டத்தில் உராயுங் கருவிகள் பழைமையானவை எனல் பொருந்தும். அவற்றுட் சில இராவணன் பெயரால் வழங்கின எனலும் பொருந்தும். அதற்கு அப்பாற் செல்லச் சான்று இடந்தரவில்லை.

அப்பாற் செல்லும் துணிவை நமக்குத் தந்தவர் யார் என்பதே இவ்வாராய்ச்சியில் என்னை வியக்கவைத்த பகுதி. பிரான்சியப் பயணியான பியர் சொனெரா 1782இல் தமது கிழக்கிந்தியப் பயண நூலை வெளியிட்டார். 'இராவணாஸ்திரோன்' என்ற பெயரையும் இலங்கை மன்னன் கதையையும் ஐரோப்பிய வாசகர் அதன்வழியாகவே அறியலாயினர். எழுபது ஆண்டுகளின் பின், பெல்ஜிய இசை வரலாற்றாசிரியர் பெத்தீஸ் அக்கதையை எடுத்தாண்டு, கிறித்துவுக்கு 5000 ஆண்டுகள் முன் வாழ்ந்த இலங்கை வேந்தன் இராவணனை வில்லிசைக் கருவிகளின் மூலவனாக நிறுத்தினார். மேற்றிசையிலுள்ள யாவும் கீழ்த்திசையிலிருந்தே வந்தன என்பது அவர்தம் கொள்கை. அக்காலத்து ஐரோப்பியப் புலமையிலே கீழ்த்திசை என்பது எல்லாவற்றுக்குந் தொடக்கம். வளர்ச்சியும் நிறைவும் மேற்கிற்கே உரியன. தொடக்கத்தை நமக்குத் தாராளமாக வழங்கிய அப்புலமை, பிற்பட்ட வரலாறு முழுவதையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. நாமோ தொடக்கத்தைப் பெற்ற மகிழ்ச்சியில் மற்றதைக் கேட்கவில்லை. இன்று பாடசாலைச் சுவரில் தேசியப் பெருமிதமாகத் தொங்குவது, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பாரிசில் அச்சான ஓர் ஊகம்.

பெத்தீஸின் அந்நூல் 1856இல் வெளிவந்தது. அதனை வெளியிட்டவர் பாரிசின் புகழ்பெற்ற வயலின் வினைஞரும் வணிகருமான வுய்யோம். நூலின் தலைப்பே நீண்டது: அது ஸ்ட்ராடிவாரியைப் பற்றியது, வில்லிசைக் கருவிகளின் தோற்றத்தை முன்னே கூறுவது, வில்லையும் அதனை நிறைவாக்கிய பிரான்சுவா தூர்த்தையும் இறுதியில் ஆராய்வது. இராவணன் இருப்பது முதற் பகுதியில். நம்மவர் எடுத்தாள்வதும் அதனையே. கடைசிப் பகுதியைத் தமிழில் எவரேனும் விரிவாக எடுத்துப் பேசி நான் கண்டிலேன். என் கருத்தில் அந்நூலின் உயிர்ப்பகுதி அதுவே. வுய்யோம் தூர்த்தை நேரில் அறிந்தவர். எனவே அப்பகுதி கண்டறிந்த ஒருவரின் செய்திகளைக் கொண்டது.

தூர்த்தின் காலம் 1747 முதல் 1835 வரை. அவருக்கு முற்பட்ட ஐரோப்பிய வில் வேடன் வில்லைப் போல் வெளிநோக்கி வளைந்திருந்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அவ்வளைவு படிப்படியாகக் குறைந்து கோல் நேராயிற்று. 1780களில் தூர்த் அதனை மறுபுறமாக, மயிரை நோக்கி உள்வளையச் செய்தார். கோலைச் செதுக்கி வளைக்காது, நேராகச் சீவிய மரத்தை அனலிற் காட்டி வளைத்தார். வயலின் வில்லின் நீளம் 74 அல்லது 75 சென்ரிமீற்றர் என நிலைபெற்றது. மயிர் திரண்டு குவியாது நாடாவைப் போல் தட்டையாகப் பரவும்படி அடிக்கட்டையில் உலோகப் பட்டையொன்று பொருத்தப்பட்டது. இதனால் விளைந்த பயன் யாது? அழுத்தினால் விட்டுக்கொடுத்த பழைய வில்லுக்கு மாறாக, அழுத்தத்தைத் தாங்கி அதனை நுனிவரை குன்றாது கொண்டுசெல்லும் வில் கிடைத்தது. நீண்ட சுரத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே திண்மையோடு நிறுத்தல் அதனால் எளிதாயிற்று.

அம்மனிதரைப் பற்றிப் பெத்தீஸ் தரும் செய்திகள் சில மலையகத்தவரான நமக்கு வேறு வகையில் நெருக்கமானவை. தூர்த் எழுதப் படிக்கத் தெரியாதவர். இளமையிற் சில ஆண்டுகள் கடிகாரத் தொழிலகத்தில் உழைத்தவர். வில் செய்து பழகிய தொடக்கத்தில் நல்ல மரம் வாங்க வழியின்றி, சீனி வந்திறங்கிய பழைய பீப்பாய்களின் பலகையைச் சீவிப் பயின்றவர். அச்சீனி எங்கிருந்து வந்தது? பிரான்சிய சீனித் தோட்டங்கள் கரிபியன் தீவுகளில் இருந்தன. அவற்றில் உழைத்தோர் ஆபிரிக்க அடிமைகள். பின்னர் அவர் தேர்ந்துகொண்ட மரம் பிரேசிலின் பெர்னம்புக்கோ. அதுவும் வில்லுக்காகக் கப்பலேறியதன்று. சிவப்புச் சாயத்துக்காக வெட்டப்பட்டது. முறுக்கும் முடிச்சும் நிறைந்த அக்கட்டைகளில் நேரான நாருடைய ஒரு துண்டைக் காண, ஆயிரக்கணக்கான கிலோகிராம் மரத்தைப் பிளந்து பார்க்க நேர்ந்ததாம். இங்கிலாந்துடனான போரினால் கப்பல்கள் தடைப்பட்டபோது அம்மரத்தின் விலையும் ஏறிற்று. தோட்டப் பொருளாதாரத்தின் கழிவிலிருந்தும் அதன் சரக்கிலிருந்தும் உருவானது இன்று நாம் கையிற் பிடிக்கும் வில். தேயிலைப் பெட்டிப் பலகையிலே அலுமாரியும் தொட்டிலும் செய்துகொண்ட லயத்து மக்களுக்குத் தூர்த்தைப் புரிந்துகொள்ள உரை எதுவும் வேண்டியதில்லை.

இங்கு மற்றொன்றையும் குறிப்பிடல் தகும். பிரேசில் என்ற பெயரே நமது பக்கத்திலிருந்து சென்ற ஒரு மரத்தின் நிழல். சப்பங்கி, பதிமுகம் என்று நாம் வழங்கும் ஆசியச் சாய மரத்தையே இடைக்கால ஐரோப்பியர் 'பிரேசில்' என்றழைத்தனர். அதனையொத்த சிவப்பு மரத்தைப் புதிய கண்டத்திற் கண்ட போர்த்துக்கேயர் அப்பெயரை அதற்குச் சூட்ட, மரத்தின் பெயர் நாட்டின் பெயராயிற்று. வில்லின் வரலாற்றிலே நமது தேசங்களுக்குப் பங்குண்டு எனக் காட்ட விரும்புவோர்க்கு இராவணனினும் இச்சாய மரம் உறுதியான சான்று. அப்பெர்னம்புக்கோ மரம் வெட்டி வெட்டி அருகிப்போனமையால் 2007இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டது.

வயலின் தமிழிசைக்குள் புகுந்தது வில் இவ்வாறு நிறைவெய்திய காலத்திலேயே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையை அடுத்த மணலியில் வள்ளல் சின்னையா முதலியாரின் ஆதரவில், ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் அதனைக் கற்றார். பின் எட்டயபுர அரசவையை அணிசெய்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதனைத் திருவிதாங்கூர்ச் சுவாதித் திருநாள் அவைக்குக் கொண்டுசென்று, 1834இல் அம்மன்னரிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். 'பிடில்' என நம் முன்னோர் வழங்கிய சொல்லே அக்கருவி ஆங்கிலேயர் கையிலிருந்து வந்தமைக்குச் சான்று. வந்த கருவியை நம்மவர் வந்தபடியே வைத்துக்கொள்ளவில்லை. நின்று வாசித்ததை அமர்ந்து வாசித்தனர். கருவியின் தலையை வலக்காலில் ஊன்றி இடக்கையைத் தாங்குஞ் சுமையிலிருந்து விடுவித்தனர். அதனாலேயே கமகங்களுக்கு வேண்டிய நீண்ட விரல் வழுக்கல் இயன்றது. நரம்புகளின் சுருதியைச் சட்சமும் பஞ்சமுமாக மாற்றினர். மைசூர் சௌடையா நரம்புகளை ஏழாக்கினார். எல். சங்கர் இரட்டை வயலின் படைத்தார். வில்லை மட்டும் எவரும் தொடவில்லை. வடிவத்தில் அது தூர்த் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

வடிவம் மாறாவிடினும் பயன்பாடு மாறிற்று. இதனை நமது இசை விமரிசனம் போதியளவு உணரவில்லை என்பதே என் குறை. வயலின் கலைஞரைப் பற்றி எழுதுவோர் விரலழகையே பேசுவர். வில்லை ஒரு வரியிற் கடந்துவிடுவர். ஆனால் கீர்த்தனையின் சொல் பிரியுமிடத்திலே வில்லைத் திருப்புவதா, பிருகா முடியும்வரை ஒரே வில்லில் ஓட்டுவதா என்பதிலேயே ஒரு பாணி இன்னொன்றிலிருந்து வேறாகிறது. துவாரம் வெங்கடசுவாமி நாயுடுவின் நீண்ட வில்லோட்டத்தையும், லால்குடி ஜெயராமன் சாகித்தியச் சொல்லை வில்லாலேயே உச்சரித்த நுட்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்பவர், ஒரே வில் இருவேறு கருவியாவதை உணர்வர். வாய்ப்பாட்டைப் பின்பற்றல் என்னும் நமது இலட்சியம் விரலாலன்றி வில்லாலேயே நிறைவேறுகிறது. மூச்சு இருப்பது அங்கேதான்.

இலங்கையின் வயலின் வரலாறும் எழுதப்படாததே. மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பறங்கியர் தம் திருமண விழாக்களில் கப்ரிஞ்ஞா ஆடலுக்கு இன்றும் வயலின் வாசிக்கின்றனர். தமிழிசை அரங்கின் வழியன்றி நேரே கடல்வழி வந்த மரபு அது. யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராக விளங்கிய வி. லக்ஷ்மிநாராயணாவின் மக்களே எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோர். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் அக்குடும்பம் நாட்டை விட்டு நீங்கியது. உலகரங்கில் வயலினுக்குப் புதுப் புகழ் ஈட்டிய வில்லொன்று யாழ்ப்பாணத்துத் திண்ணையிற் பயின்றது என்பதும், அது ஏன் இங்கே நிலைக்கவில்லை என்பதும் இராவணன் கதையினும் நம் மாணவர் அறியவேண்டியவை. இதனை யாம் சுவரில் எழுதுவதில்லை. எழுதினால் கலவரத்தையும் எழுத நேரும். இராவணனோ எவரையும் சங்கடப்படுத்தான்.

மலையகத்திற்கு வயலின் பிந்தி வந்தது. தேவாலயத்தாலும் பாடசாலையாலும் வானொலியாலும் வந்தது. தப்பும் உறுமியும் தோளில் வந்தன. வயலின் பெட்டியில் வந்தது. பெட்டியில் வந்த கருவிக்குப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் வேண்டும். நான் கண்ட வயலினுக்கு நேர்ந்தது அதுவே. வில்லுக்கு மயிர் பூட்டுவோர் உண்டா என அட்டனில் விசாரித்தேன். கொழும்புக்கு அனுப்புமாறு கூறினர். மயிர் இடையிடையே மாற்றப்படவேண்டிய பொருள் என்பதே அப்பாடசாலையில் எவருக்குந் தெரிந்திருக்கவில்லை. வயலின் பழுதாகிவிட்டதென்று எண்ணிப் பல ஆண்டுகளாக அலுமாரியில் வைத்திருந்தனர்.

அம்மாணவியைப் பின்னர் ஒருநாள் சந்தித்தபொழுது, கதைகள் கூறும் இராவணனிடம் வீணை இருந்தது, அதற்கு வில் இல்லை என்றேன். "அப்ப இந்த வில்லு யாரு செஞ்சது?" என்றாள். சீனிப் பீப்பாயின் பலகையைச் சீவிய, எழுத்தறியாத ஒருவரின் கதையைக் கூறினேன். அவள் அதனை வரைய விரும்பினாள். பீப்பாய் எவ்வாறிருக்கும் என்று கேட்டாள். வில் இன்னும் கொழும்பிலிருந்து திரும்பவில்லை.